பிள்ளைத்தப்பு வைக்கும் வேலை

இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதினைந்து வயதில் வேலைக்குப் போனவள் நான். பதின்மூன்று வருடம் ஒரே கடை, ஒரே மேஜை. இனிமேல் அந்தக் கடைக்கும் போக மாட்டேன், அந்த வேலையை வேறு இடத்திலும் செய்ய மாட்டேன். அதற்கு வேறு பேர் இருந்தால் எனக்குத் தெரியாது.

கடையில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகளும் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "அக்கா, பிள்ளைத்தப்பு எப்படி வைக்கணும்னு அண்ணாச்சி சொல்லித் தர மாட்டேங்காவ. நீங்களாவது எழுதி அனுப்புங்க" என்று. இப்போது பள்ளிக்கூடங்களில் மாடலோடு, பிள்ளை உட்கார்ந்து அதைச் செய்கிற வீடியோவும் கேட்கிறார்களாம். அதனால் கடையிலேயே ஒரு மூலையில் பிள்ளையை உட்கார வைத்து, கையில் பசையைக் கொடுத்து வீடியோ எடுத்து அனுப்புகிறார்களாம். நல்லது. எழுதுகிறேன். கேட்டதை மட்டும் எழுத எனக்கு வராது, அவ்வளவுதான்.

எங்கள் கடை ராஜபாளையத்தில், நோட்டு பேனா விற்கிற கடை. பின்பக்கம் நீளமாக ஒரு அறை உண்டு. பள்ளிக்கூடத்தில் 'ப்ராஜெக்ட்' கொடுத்தால் அம்மாமார் அந்த அறைக்குத்தான் வருவார்கள். எரிமலை, சூரியக் குடும்பம், இதயம், அணைக்கட்டு, கோட்டை. பிள்ளைகள் செய்ய வேண்டியதை நாங்கள் செய்து கொடுப்போம். பிள்ளைகள் அதைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஒன்பதாவது முடித்த வருடம் அப்பா செத்துப் போனார். அம்மா செட்டியார்பட்டியில் தறிக்குப் போனாள், நான் கடைக்குப் போனேன். முதல் இரண்டு வருடம் தெர்மாகோல் பொடியைக் கூட்டி அள்ளினேன். அது கூட்டக் கூட்ட பறக்கும், தலைமுடியில் ஒட்டும், சோற்றிலும் கிடக்கும். மூன்றாவது வருடம்தான் கரண்டில் சூடாகி தெர்மாகோலை வெட்டுகிற கம்பியைத் தொட விட்டார்கள். முதன்முதலில் தனியாகச் செய்த எரிமலைக்கு, சீக்கிரம் காயட்டும் என்று ஸ்ப்ரே பெயிண்டை நேராக அடித்துவிட்டேன். கண் முன்னால் தெர்மாகோல் கரைந்து குழியானது. முதலாளி தங்கச்சாமி அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லாருக்கு. வெடிச்சிருச்சு. அடுத்ததைச் செய்யி."

அவர் அப்படித்தான். சத்தம் போட மாட்டார். முன்னே போர்டு எழுதுகிற ஆளாக இருந்தவர். செய்து முடித்த எதையும் முன்பக்கம் நின்று பார்க்கவே மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போய் முதுகுப் பக்கம் பார்ப்பார். பலகையின் மூலையைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. ஆடினால் போச்சு. "ம்" என்றால் தேறிவிட்டது. "சரி" என்றால் பிரித்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். புதிதாக வந்தவர்கள் "சரி"யைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். "பிள்ளைத்தப்பு வச்சியா?"

மாடல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்தது மாதிரி இருக்க வேண்டும். ரொம்பச் சுத்தமாக இருந்தால் கடையில் வாங்கியது என்று தெரிந்துவிடும். அதனால் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு, எந்த வகுப்போ அந்த வகுப்புக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கெடுக்க வேண்டும். ஆறாம் வகுப்பு என்றால் பசை வழிந்திருக்கலாம், அதில் ஒரு விரல் ரேகை பதிந்திருந்தால் நல்லது. எழுத்தை இடது கையால் எழுத வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் பசை வழியக் கூடாது, தலைப்பில்தான் தப்பு இருக்க வேண்டும். பிள்ளைகள் முதல் எழுத்துகளைப் பெரிதாகப் போட்டுவிட்டு, ஓரத்துக்கு வரும்போது இடம் போதாமல் கடைசி எழுத்துகளை நெருக்குவார்கள். அதை அப்படியே செய்ய வேண்டும். ஒன்பது, பத்து என்றால் ஒரே ஒரு தப்பு. ஒரு ஜன்னல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும், அல்லது ஒரு மூலையில் லேசாகப் பசை. அதுதான் கஷ்டம். தப்பு கண்ணில் படவும் வேண்டும், அசிங்கமாகவும் இருக்கக் கூடாது. இதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அண்ணாச்சியே வெளியில் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய ஆர்டர் என்றால் கண்காட்சி அன்றைக்குக் கடையிலிருந்து ஒருத்தர் கூடப் போய் நிற்க வேண்டும். கோபுரம் சாய்ந்தால் ஒட்ட ஆள் வேண்டும் இல்லையா. யாராவது கேட்டால் "பிள்ளைக்குச் சித்தி" என்று சொல்ல வேண்டும். நான் இந்தப் பக்கம் எத்தனை பிள்ளைகளுக்குச் சித்தி என்று எனக்கே தெரியாது.

இனி என் தங்கச்சி கதை. பவித்ரா. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். சின்ன வகுப்பிலேயே சீட்டுக் குலுக்கலில் இலவச இடம் விழுந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் ஒரு பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அந்த இலவசம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதில் அவளை வைத்துக்கொள்வதும் அனுப்பிவிடுவதும் பள்ளிக்கூடத்தின் மனசு. சமூக அறிவியல் எடுக்கிற எஸ்தர் மிஸ் பிரின்சிபால் மேடத்திடம் பேசி, ஃபீஸ் இல்லாமல் தொடர வைத்தார். அந்த இடம் ஒரு நூலில் தொங்குகிறது என்பது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதைப் பேச மாட்டோம்.

அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்குக் கண்காட்சித் தலைப்பு, இடைக்கால ஐரோப்பா. பவி வகுப்பில் படிக்கிற ஒரு பையனின் அம்மா கடைக்கு வந்தார். மில் வைத்திருக்கிற குடும்பம். நல்ல மனுஷி, வரும்போது எங்கள் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக்கொண்டுதான் வருவார்.

"கோட்டை பெருசா இருக்கணும்மா. மேல ராஜா, பொறவு பிஷப்பு, பிரபு, குதிரை வீரன், கடைசில அடிமை. படி படியா வச்சிருங்க. கொடி நெறைய வேணும்."

பத்து நாள் வேலை. நான்தான் செய்தேன். சுவரில் கல் வரி இழுத்தேன், இழுக்கிற பாலம் வைத்தேன். ராஜாவுக்குச் சிவப்பு வெல்வெட் துணி. அடிமைக்குச் சாக்கு.

வீட்டில் பவியும் அதே தலைப்பில் செய்துகொண்டிருந்தாள். நான் செய்து தருகிறேன் என்றதற்கு முறைத்தாள். கடைக்கு வெளியே குப்பையில் கிடந்த தெர்மாகோல் துண்டுகளை அவளே பொறுக்கிக்கொண்டு போனாள். என் கடைக் கம்பியைக் கேட்கவில்லை. சைக்கிள் போக்ஸ் கம்பியை மெழுகுவர்த்தியில் காட்டி, அது ஆறுவதற்குள் ஒரு இழுப்பு, மறுபடி காட்டி ஒரு இழுப்பு. இரண்டு விரலில் கொப்புளம். வெட்டு மட்டும் ஸ்கேல் வைத்த மாதிரி விழுந்தது. அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் லீவு நாளெல்லாம் என் மேஜைக்குக் கீழேதான் கிடப்பாள்.

"ஏட்டி, கோட்டை எங்க?" என்று கேட்டேன்.

"அந்தா, மூலையில."

"இத்துனூண்டா இருக்கு?"

"ஊருக்குள்ள நின்னு பாத்தா அம்புட்டுத்தான்க்கா தெரியும். அங்க இருந்ததுல முக்காவாசிப் பேரு இவிய தான்."

அவள் செய்தது ஒரு கிராமம். ஓலைக் கூரை வீடுகள், நீள நீளமாக வயல், நடுவில் சர்ச், ஆற்றோரம் ஒரு மாவு மில்.

"பிரபு மில்லுல தான் அரைக்கணும். வீட்டுல திருகை வச்சு அரைச்சா ஆளு வந்து கல்லைத் தூக்கிட்டுப் போயிருவாங்களாம். அரைச்ச மாவுல ஒரு பங்கு அவனுக்கு. வெளஞ்சதுல பத்துல ஒண்ணு சர்ச்சுக்கு. மகளக் கட்டிக்குடுக்கணும்னாலும் அவன்கிட்டக் கேக்கணும்."

"சாமியாரு ஒண்ணும் கேக்க மாட்டாரா?"

"அவரு என்ன கேப்பாரு? கும்புடுறதுக்கு ஒரு கூட்டம், சண்டை போட ஒரு கூட்டம், உழைக்க ஒரு கூட்டம், கடவுளே அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்காருன்னு அவருல்லா சொல்லிக்குடுக்காரு."

பலகையின் ஓரத்தில் ரோடு முடிகிற இடத்தில் தீக்குச்சியில் ஒரு ஆள் செய்து நிறுத்தியிருந்தாள். தோளில் மூட்டை. முகம் வெளியே பார்த்திருந்தது.

"இது யாரு?"

"ஓடிப் போறவன். பட்டணத்துல ஒரு வருசமும் ஒரு நாளும் மாட்டாம இருந்துட்டா பொறவு அவனை யாரும் கூப்பிட முடியாது. விடுதலை." அவனைக் காட்டும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் நான் சுற்றிப் போய் முதுகுப் பக்கம் பார்த்தேன். மூலையை அழுத்தினேன். ஆடவில்லை.

"ரொம்ப நேரா இருக்குடி. எங்கயாவது ஒரு பிள்ளைத்தப்பு வைச்சிரு."

"நான் பிள்ளைதானக்கா. எனக்கு எதுக்குத் தனியா பிள்ளைத்தப்பு?"

அப்போது சிரித்துவிட்டேன்.

கண்காட்சி அன்று நான் மில் வீட்டுக் காரில் கோட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பவி பள்ளிக்கூட பஸ்ஸில் போனாள். கண்காட்சி நடந்த ஹாலின் வாசலில் கல்வெட்டு. அதில் அந்தப் பையனின் தாத்தா பெயர். ஹாலைக் கட்டிக் கொடுத்தவர் அவர்.

பிரின்சிபால் மேடம்தான் நடுவர். எஸ்தர் மிஸ் கையில் லிஸ்ட்டோடு பின்னால் வந்தார். பையன் ஒப்பித்தான். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டான், அவன் அம்மா வாயசைத்தார், தொடர்ந்தான். மேடம் குனிந்து, கீழ்ப் படியின் மூலையில் நான் வைத்திருந்த பசைத் திட்டைத் தொட்டார்.

"பாத்தீங்களா மிஸ், பிள்ளை கையால செஞ்சா இப்படித்தான் இருக்கும். இதுதான் அழகு."

எனக்குப் பெருமையாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

நான்காவது மேஜை பவியுடையது. மேடம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மில்லைக் கேட்டார், சர்ச்சைக் கேட்டார், ஓடிப் போகிற ஆளைக் கேட்டார். தடங்கலே இல்லை. மேடம் கூரையைத் தொட்டுப் பார்த்தார். சுவரில் விரலை ஓட்டினார்.

"யாரு செஞ்சு குடுத்தா?"

"நானே செஞ்சேன் மேம்."

"இவ்வளவு நேரா ஒன்பதாவது படிக்கிற பிள்ளை வெட்டுமா? உங்க அக்கா ப்ராஜெக்ட் கடையிலதான வேலை பாக்குறாங்க?"

"ஆமா மேம். ஆனா இது நான் செஞ்சது." பவி திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்று மேஜை தள்ளி, கோட்டைக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கை நீட்டிக் காட்டினாள். "அந்தா எங்க அக்காவே நிக்கா மேம். கேட்டுப் பாருங்க."

அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். இதை நான் மறக்கவே முடியாது. பயமே இல்லாமல் கூப்பிட்டாள்.

மேடம் என்னிடம் வந்தார். "இதை நீங்க செஞ்சு குடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் நீங்கள் இங்கே எதற்கு நிற்கிறீர்கள். பக்கத்தில் பையனின் அம்மா கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு நின்றார். கோட்டை நான் செய்தது என்று தெரிந்தால் கடைக்கு இனி எந்த அம்மாவும் வர மாட்டார். ஹால் கட்டிக் கொடுத்த வீட்டைக் கேவலப்படுத்தியவள் தங்கச்சிக்கு ஃபீஸ் இல்லாத இடம் எத்தனை நாள் நிற்கும்? இதையெல்லாம் அன்று வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். பயந்தேன். யாருக்கும் நஷ்டமில்லாமல் நடுவில் ஒரு பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் உதவி பண்ணேன் மேடம்."

அவள் வைக்க மாட்டேன் என்ற பிள்ளைத்தப்பை நான் வாயால் வைத்துவிட்டேன்.

மேடம் கோபப்படக்கூட இல்லை. "கொஞ்சமா, முழுசான்னு யாருக்குத் தெரியும். போட்டியில வேண்டாம். சும்மா பார்வைக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். எஸ்தர் மிஸ் லிஸ்ட்டில் ஒரு கோடு போட்டார். பவி அழவில்லை. விரலில் இருந்த கொப்புளத்தைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே நின்றாள். கோட்டைக்கு முதல் பரிசு. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மேடத்தைத் தவிர மற்றவர்களுக்கு நான் இன்னும் பையனுக்குச் சித்திதானே?

சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பினேன். அவள் மடியில் பலகை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் காலத்துல ஒருத்தன் மேல பழி வந்தா, அவன் சொந்தக்காரங்களும் தெரிஞ்சவங்களும் வரிசையா வந்து, 'இவன் பொய் சொல்ல மாட்டான்'னு பைபிள் மேல சத்தியம் பண்ணுவாங்களாம்க்கா. பண்ணா விட்டுருவாங்களாம். அவ்வளவு மோசமான காலத்துலயே."

"பவி, உன் சீட்டுக்காகத்தான்டி..."

"சத்தியம் பண்ண ஆளு கெடைக்காதவனுக்குத்தான், பொய்யா நெசமான்னு பாக்க பழுக்கக் காய்ச்சின இரும்பைக் கையில குடுப்பாங்களாம்."

வீட்டுக்கு வந்ததும் பலகையை மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். மழையில் ஊறிப் போனது.

மறுநாள் அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "சரி" என்றார். அந்தச் "சரி"க்கு மட்டும் என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியவில்லை. பிரித்து மறுபடி செய்ய அதில் என்ன இருந்தது.

அவள் இடம் பறிபோகவில்லை. பத்தாம் வகுப்பும் அங்கேயே போனாள். ஆனால் மாடல் செய்யச் சொன்னால் செய்ய மாட்டாள், படம் வரைந்து கொடுத்துவிடுவாள். நன்றாக வரைய வரும், வேண்டுமென்றே கோணலாக வரைவாள். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவைத்தான் கூட்டிப் போனாள். என்னிடம் பேசாமல் எல்லாம் இல்லை. சோறு போடுக்கா, சீப்பு எங்க, லைட்டை அணை. இதெல்லாம் பேசினாள். ஒருநாள் அவளை உட்கார வைத்து, நான் செய்தது தப்பு என்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன்.

பரீட்சைக்கு முன்பே காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரையிலேயே ஓட்டினோம். நான்காவது நாள் ரத்தத்தில் அணுக்கள் இறங்கிவிட்டன என்று மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டும்போது "அக்கா, குளிருது, ஜன்னலைச் சாத்து" என்றாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. மதுரை போய்ச் சேரும்போது அவளுக்கு நினைவில்லை. மறுநாள் முடிந்துவிட்டது.

பதினைந்தாம் நாள் எஸ்தர் மிஸ் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரைப் பள்ளிக்கூட வேனில் கூட்டிக்கொண்டு துக்கம் கேட்க வந்தார். பிள்ளைகள் யூனிஃபார்மில் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். மிஸ் அம்மாவின் கையைப் பிடித்து அழுதார். உண்மையாகவே அழுதார். அவளைப் போல் கேள்வி கேட்கிற பிள்ளை இல்லை என்றார்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "மிஸ், அந்தக் கிராமத்தை அவதான் செஞ்சா. நான் தொடவே இல்ல. பரிசு வாங்குன கோட்டைதான் நான் செஞ்சது" என்றேன்.

மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "தெரியும் மாரி."

"என்ன தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்மா. மேடத்துக்கும் தெரியும். எத்தனை வருசமா உங்க கடை மாடலைப் பாக்கோம். அந்தப் பசைத் திட்டு எங்களுக்குத் தெரியாதா? ஹால் கட்டிக் குடுத்த வீடு. வேற என்ன செய்ய முடியும்? நானும் அங்க சம்பளத்துக்குத்தான இருக்கேன்."

இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து வைத்த தப்பு. ஒருத்தரும் அதை நம்பவில்லை. நம்பியதாகக் காட்டிக்கொள்ள அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதைச் செய்து கொடுத்து நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அந்த ஹாலில் உண்மை தெரியாமல் யாருமே இல்லை. எல்லோரும் தெரிந்துகொண்டே பவியை நிற்க வைத்துக் கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லியிருந்தால் கடைக்கு என்ன ஆகியிருக்கும்? எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். அதுதான் என்னைத் தின்கிறது.

"அப்ப இந்தப் பிள்ளைக முன்னாடி அதைச் சொல்லுங்க மிஸ். ஒரே ஒரு வார்த்தை. அவ பொய் சொல்லலன்னு."

மிஸ் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். பத்துப் பேரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தார். பிறகு, "வேன் நேரமாச்சு, டிரைவர் காத்துட்டு இருக்காரு" என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செருப்பு மாட்ட ஆரம்பித்தார்கள்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஹாலில் நான் நின்ற இடத்தில்தான் அவரும் நின்றார்.

நானே வாசலுக்குப் போய்ச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், தெருவே கேட்டது. எந்தக் கடை, எந்தக் கோட்டை, எங்கே எந்தத் தப்பு வைத்தேன், எல்லாம். ஒரு பிள்ளை மட்டும் பாதிச் செருப்போடு நின்று கடைசிவரை கேட்டாள். வேன் போய்விட்டது.

அந்த வாரம் இரண்டு ஆர்டர் ரத்தானது. அண்ணாச்சி கூப்பிட்டார். முதன்முறையாக என் முகத்தை நேரே பார்த்தார்.

"ஏட்டி, உன் துக்கம் எனக்குத் தெரியாமலா? ஆனா தொழிலைத் தெருவுல கொண்டு வச்சுட்டியே. இங்க நாலு குடும்பம் பொழைக்கி. நாளையில இருந்து வர வேண்டாம்மா."

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அம்மாவோடு தறிக்குப் போகிறேன். தறிச் சத்தத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. அது ஒரு வசதி.

அன்று மேடம் கேட்ட கேள்விக்குப் பதிலை இங்கே எழுதுகிறேன். யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. நாலாவது மேஜையில் இருந்த கிராமத்தைச் செய்தவள் மு. பவித்ரா, ஒன்பதாம் வகுப்பு. குப்பைத் துண்டிலும் சைக்கிள் கம்பியிலும் அவளே செய்தாள். அவளுக்கு யாரும் உதவவில்லை. நானும் உதவவில்லை.